சிவப்பு வளையம்

பலகை நாட்டில் ஒரு மனிதன் மூச்சு விட வேண்டுமென்றால், அந்த மூச்சை வாங்கிக்கொள்ள ஒரு மரம் வேண்டும். சட்டம் அவ்வளவுதான். சுவரில் எழுதி மாட்டினால் அழகாக இருக்கும், பள்ளிப் பிள்ளைகள் கீழே படம்கூட வரைவார்கள். அதற்குள் குடியிருந்து பார்த்தவனுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும்.

அந்த நாட்டின் உண்மையான பெயர் தூத்துக்குடிக்காரர்களின் வாயில் நுழையவில்லை. எங்கே திரும்பினாலும் காடு, காட்டை விட்டால் மர மில், மில்லை விட்டால் பலகை வீடு. முதல் கப்பலில் வந்தவர்கள் பலகை நாடு என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஊரைக் கடல் கொண்டு போன பிறகு மிதவை முகாமில் கிடந்த சனங்களை எந்த நாடும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இந்த நாடு மட்டும் கதவைத் திறந்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு. எங்கள் காட்டின் கணக்கு கெடக்கூடாது, வருகிறவர்கள் ஆளுக்கொரு கன்று நட வேண்டும். கன்றின் பட்டையில் பிசினால் செய்த ஒரு பொட்டு ஒட்டினார்கள். நட்டவரின் மணிக்கட்டில் ஒரு காப்பு மாட்டினார்கள். மரம் இழுக்கிற மூச்சைப் பொட்டு அளக்கும், ஆள் விடுகிற மூச்சைக் காப்பு அளக்கும். இரண்டும் ஒத்துப்போகிறவரை காப்பில் பச்சை விளக்கு எரியும். மரம் போனால் விளக்கு அணையும். விளக்கு அணைந்தால் ஆள் திரும்பிப் போக வேண்டும், வந்த அதே மிதவைக்கு.

கொம்பையாவும் அவன் மனைவி உலகம்மாளும் முதல் கப்பலில் வந்தவர்கள். பக்கத்துப் பக்கத்தில் ஆளுக்கொரு ஊசிமரக் கன்று நட்டார்கள். செண்பகவல்லி பிறந்தபோது, அவளுக்கான கன்றை எங்கே நட என்று காட்டு ஆபீசில் கேட்டார்கள். "எங்க ரெண்டு பேர் மரத்துக்கும் நடுவுல நடுங்க, பிள்ளை நடுவுலதான படுக்கும்" என்றாள் உலகம்மாள். ஆபீசர்கள் அந்த இடம் நெருக்கடி என்று சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்கவில்லை.

உலகம்மாளின் மரம் பார்க்க லட்சணமாக இருக்காது. குருத்தாக இருந்தபோது மான் கடித்ததில் ஒரு பக்கம் கோணலாகப் போய்விட்டது. நோஞ்சான் பிள்ளையைத் தாய் எப்படித் தூக்கிக்கொண்டு அலைவாளோ அப்படி அலைந்தாள் அவள். தினமும் மீன் கழுவின தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் வாளியில் கொண்டுபோய் அதன் தூரில் ஊற்றுவாள். காட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிற கிறுக்கச்சி என்று குடியிருப்பே சிரித்தது. சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாள்.

அந்த வாளியை அவள் காட்டிலேயே போட்டுவிட்டு ஓடிவந்த காலையில்தான் எல்லாம் தொடங்கியது.

"ஏங்க, எம்மரத்துல பெயிண்ட் அடிச்சிருக்காங்க."

கொம்பையா மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "என்ன பெயிண்ட்டு?"

"செவப்பு. இடுப்பு ஒசரத்துல சுத்தி வளையம் போட்டிருக்கு. ஒங்க மரத்துல இல்ல, பிள்ளை மரத்துலயும் இல்ல. எனக்கு மட்டுந்தாம்."

சிவப்புப் பெயிண்ட் என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாலையோரப் புளியமரத்தில் நம்பர் விழுந்தால் ரோடு அகலமாகப் போகிறது, மரம் சாயப் போகிறது. வீட்டுச் சுவரில் விழுந்தால் வீடு போகப் போகிறது. கடல் தெருவுக்குள் ஏறுவதற்கு முந்தைய மாதம் கொம்பையாவின் வீட்டு வாசலிலும் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். கதவு, நிலை, அடுப்பு எதுவும் மிஞ்சவில்லை. நிலையில் அடித்திருந்த ஓர் ஆணியையும், காலண்டர் மாட்டியிருந்த ஓர் ஆணியையும் பிடுங்கிக்கொண்டு வந்ததுதான் மிச்சம்.

அப்போது மூன்று பேரின் காப்பும் ஒரே நேரத்தில் பேசியது. காப்பு பேசுகிற தமிழ் பாடப்புத்தகத் தமிழ்.

"அன்பிற்குரிய குடியிருப்போரே, தங்கள் பகுதியில் கலைப்புக் காலம் தொடங்குகிறது. குறியிட்ட மரங்களைத் தொட வேண்டாம். ஐயமிருப்பின் வனக்காப்பாளரை அணுகவும். நன்றி."

கலைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் உலகம்மாளின் முகம் செத்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் கரிசல் காட்டில் பருத்திக்குக் கலைத்துவிடப் போனவள் அவள். நெருக்கமாக முளைத்ததில் நோஞ்சானைப் பிடுங்கி வரப்பில் எறிவார்கள். எறிந்தது வெயிலில் சுருண்டு போகும். திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"நானே எத்தனையப் பிடுங்கி எறிஞ்சிருக்கேன். கோணலாப் போனதைத்தான மொதல்ல பிடுங்குவாக" என்றாள்.

மில்லில் கொம்பையாவின் வேலை வளைவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. காட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு தடியும் அறுவைக்குப் போகும் முன் அந்த வளைவுக்குள் நுழைந்து வெளியே வரும். மரத்துக்குள் துளி இரும்பு இருந்தாலும் வளைவு கத்தும். ஆணியில் ரம்பம் பட்டால் பல் தெறித்து ஆளைக் கொன்றுவிடும் என்பதால், கத்தின தடியை ஒதுக்கி அடுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவன் லூர்தையா. வேம்பாற்றுக்காரன், அடுத்த கப்பலில் வந்தவன், கல்யாணம் ஆகவில்லை, வாய் மட்டும் நான்கு பேருக்கு உண்டு.

"எல, கலைப்புன்னா இங்க என்ன செய்வானுவ?" என்று கேட்டான் கொம்பையா.

"என்ன செய்வானுவ, நெருக்கி நட்டிருக்காம்லா, பாதியை எடுத்தாத்தாம் மீதி தடிக்கும். எடுக்காம விட்டா அம்புட்டும் குச்சியா ஒசந்து நிக்கும், பலகைக்கு ஆவாது. எடுத்தாத்தாம் காடும் நல்லாருக்கும், மில்லும் ஓடும். அதுக்கு இவனுவ பாஷையில வெளிச்சம் விடுததுன்னு பேரு."

"சரி. எடுக்குத மரத்துக்காரன்?"

"அவனுக்கும் வெளிச்சந்தாம். கப்பல்ல மேல்தட்டுல உக்காந்து வெயில் காஞ்சுக்கிட்டே போவலாம்." சொல்லிச் சிரித்தவன் கொம்பையாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். "என்னல ஆச்சு?"

"உலகு மரத்துல வளையம் போட்டுட்டானுவ. செவப்பு."

வளைவுக்குள் தடிகள் ஒவ்வொன்றாக நுழைந்துகொண்டிருந்தன. இத்தனை வருடம் பார்த்தும் பார்க்காமல் இருந்த ஒன்றை இரண்டு பேரும் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். வருகிற தடியில் எல்லாம், பட்டையின் வெடிப்புக்குள் மங்கிப்போன சிவப்பு வளையம் இருந்தது. வளையம் இல்லாத தடி ஒன்றாவது வராதா என்று கொம்பையா காத்திருந்தான். மத்தியானம் வரை வரவில்லை.

"ஐலாட்ட போய்க் கேட்டா என்ன?" என்றான். ஐலா அந்தப் பகுதியின் வனக்காப்பாளர். நல்ல பெண் என்று பெயர்.

"கேளு. கேட்ட ஒடனே மொதல்ல ஒம்பேரை எழுதிக்கிடுவா. மிதவையில தண்ணி ஏன் கொறையுதுன்னு கேட்டானே சவேரி, அவன் எங்கன்னு யாருக்காவது தெரியுமால?"

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் கெட்டோம் என்று மிதவையில் படித்த பாடம், பலகை நாட்டில் மறக்கக்கூடிய பாடமாகத் தோன்றவில்லை. ஒரே ஒரு கேள்வி. யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் பழைய எல்லை வேலி ஓடின இடத்தில் ஒரு கிழட்டு மரம் நிற்கும். யாரோ எந்தக் காலத்திலோ கட்டின முள்கம்பியை மரம் விழுங்கிவிட்டது. சுற்றி எல்லாவற்றையும் வெட்டியவர்கள் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். நீலப் பலகையில் 'பறவை மரம்' என்று அந்த நாட்டு எழுத்தில் எழுதியிருக்கும். பொந்தில் ஓர் ஆந்தை குடியிருந்தது. கொம்பையா அந்த மரத்தடியில் வெகுநேரம் நின்றான். இரும்பு தின்ற மரத்தை மில்லும் தொடாது, காட்டுக்காரனும் தொடமாட்டான்.

வீட்டில் அடுப்பு பற்றவில்லை. உலகம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் நினைப்பு எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். மிதவையில் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். உப்புத்தண்ணீர்ப் புண்ணும் காய்ச்சலும் கண்டு, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டான். புதைக்க அங்கே மண் கிடையாது. துணியில் சுற்றிக் கடலில் விட்டார்கள். அந்த இடத்துக்குத்தான் அவளைத் திரும்பி வரச் சொல்கிறது சிவப்பு வளையம். தன்னை நினைத்துக்கூட அவள் அழவில்லை. செண்பகவல்லி தாய் இல்லாமல் நிற்பாளே என்றுதான் அழுதாள்.

"இந்தாருங்க, என்னைய மரத்தோட கட்டிப் போட்டுருங்க" என்றாள்.

"கிறுக்குப் பிடிச்சிட்டா ஒனக்கு?"

"ஊர்ல பேய் புடிச்ச பிள்ளையக் கூட்டிப் போய் என்ன செய்வாக? உச்சி மயிரைப் பிடிச்சுப் புளியமரத்துல வச்சு ஆணி அடிப்பாக. மயிரை அறுத்துட்டுப் பிள்ளையக் கூட்டிட்டு வந்துருவாக. பேய் மரத்தோட நின்னுரும். பொறவு அதை யாரும் எறக்க முடியாது. அந்த மரத்தை வெட்ட எவனுக்காவது தெம்பு வருமா? எம்மயிரை வச்சு அடிங்க. நானும் எறங்க மாட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். அன்றைக்கு அவனுக்குள் ஏதோ பொருந்தி உட்கார்ந்தது. அவள் நம்பிக்கை சொன்னதையும் அவன் பார்க்கிற வேலை சொன்னதையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தான். இரண்டும் ஒரே ஆணியைத்தான் கேட்டன.

பலகை நாட்டில் ஆணி கிடைக்காது. வீடுகளையெல்லாம் மரமுளை வைத்தே இறுக்கியிருப்பார்கள். ஊரிலிருந்து வந்த இரண்டு ஆணிகளில் ஒன்றில் பழைய காலண்டர் தொங்கியது, திருச்செந்தூர் முருகன் படம் போட்டது, தேதியெல்லாம் எப்போதோ கிழிந்து போய் அட்டை மட்டும் மிச்சம். மற்றது, பழைய வீட்டு நிலையிலிருந்து பிடுங்கினது, டப்பாவில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது. செண்பகவல்லியைப் பாதையில் நிறுத்தி, யாராவது வந்தால் கூப்பிடச் சொன்னார்கள். ஒன்பது வயதுக்காரி அவள். பாதையைப் பார்க்காமல் இவர்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மாள் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்று, உச்சியிலிருந்து ஒரு கொத்து முடியைப் பிரித்துக் கொடுத்தாள். வளையத்துக்கு மேலே, அவள் தலை உயரத்தில் முடியை வைத்துக் கொம்பையா சுத்தியலால் அடித்தான். நான்கைந்து அடியில் ஆணி தலைவரை இறங்கியது. பட்டையிலிருந்து பிசின் கசிந்தது. கத்தியால் முடியை அறுத்ததும் அவள் விலகி நின்று மரத்தைக் கும்பிட்டாள்.

"வலிக்கலையாம்மா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"மயிரு அறுத்தா வலிக்குமாட்டி?"

"ஒங்களுக்கில்ல. மரத்துக்கு."

கொம்பையா கசிந்த பிசினைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டான்.

அந்த வாரமே காட்டுக்கு மேலே, மரத்தையும் மரத்துக்குள் இருக்கிற இரும்பையும் அளக்கிற டிரோன் பறந்தது. மறுநாள் காலையில் ஐலா வந்தாள். கழுத்தில் மொழிபெயர்ப்புப் பெட்டி தொங்கியது. மூன்று பேரையும் மரத்துக்குக் கூட்டிப்போனாள். கோபம் எதுவும் அவள் முகத்தில் இல்லை. அதுதான் கொம்பையாவுக்குத் தைரியம் தந்தது.

"தங்கள் மரத்தில் இரும்பு கண்டறியப்பட்டுள்ளது" என்றது பெட்டி. "கவலை வேண்டாம். இதற்குத் தண்டனை இல்லை. இரும்புள்ள மரத்தை நாங்கள் வெட்டுவதில்லை. இது இனிப் பறவை மரம். எந்நாளும் நிற்கும்."

உலகம்மாள் ஐலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லாருப்பே தாயி. நீ நல்லாருப்பே." அப்போதுதான் கொம்பையா மனைவியின் மணிக்கட்டைப் பார்த்தான். கண்ணாடி வளையல்களுக்கு நடுவே காப்பில் விளக்கு எரியவில்லை.

"அம்மா, இவ காப்பு அணைஞ்சு போச்சே. மரந்தான் நிக்குதே?" என்றான் ஐலாவிடம்.

"மரம் நிற்கிறது. ஆனால் அதன் மூச்சு இனிப் பறவைகளின் கணக்கில் சேரும். ஒரே மூச்சை இரண்டு கணக்கில் எழுத இயலாது. ஆகவே இணைப்பு முடிவடைந்தது. வருந்துகிறோம்."

கொம்பையாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது. "எப்படியும் வெட்டத்தான போறீங்க? செவப்பு வளையம் போட்டது நீங்கதான?"

பெட்டி இதை ஐலாவிடம் சொன்னது. அவள் நெற்றியைச் சுருக்கி மறுபடியும் சொல்லச் சொன்னாள். பெட்டி மறுபடியும் சொன்னது. ஐலா நனைந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேச ஆரம்பித்தபோது அவள் குரல் நடுங்கியது. பெட்டியின் குரல் நடுங்கவில்லை, அதற்கு நடுங்கத் தெரியாது.

"வளையம் வெட்டுவதற்கு அல்ல. வைத்துக்கொள்வதற்கு. எங்கள் காட்டில் போகிற மரத்துக்குக் குறி இல்லை, தங்குகிற மரத்துக்கே குறி. அதனால்தான் தொட வேண்டாம் என்று அறிவித்தோம்."

"மில்லுக்கு வர்ற தடியில எல்லாம் வளையம் இருக்கே! நாந்தான தெனமும் பாக்கேன்!"

"அவை எங்கள் பாட்டன்மார் காலத்தில் வளையமிட்டவை. தங்கிய மரங்கள் நாற்பது ஆண்டுகள் தடித்து, முடிவில் பலகைக்கு வருகின்றன. கலைப்பில் போகும் மெலிந்த மரங்கள் காகித ஆலைக்குப் போகும். அவற்றைத் தாங்கள் பார்த்திருக்க வழியில்லை."

ஐலாவே மறுபடியும் சொன்னாள்.

"இந்த மரம் கோணல்தான். ஆனால் இந்தப் பகுதியிலேயே அதிகம் மூச்சு இழுத்தது இதுதான். மூவருக்குப் போதுமான மூச்சு. வளையமிட்ட மரத்தின் குடும்பம் முழுவதும் அதன் நிழலில் தங்கலாம், நாற்பது ஆண்டுகள். நல்ல செய்தியை நேரில் சொல்ல இந்த வாரம் வருவதாக இருந்தேன். இந்த ஒரு மரத்தின் மண்ணில் மட்டும் என்ன ஊட்டம் இருந்ததென்று எங்களுக்கு விளங்கவேயில்லை."

"மீன் தண்ணி" என்றாள் உலகம்மாள். வாளி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொம்பையா மரத்தின்மேல் பாய்ந்து விரல் நகத்தாலேயே ஆணியை நெம்பப் பார்த்தான். "பிடுங்கிருதேன். இப்பவே பிடுங்கிருதேன். கொறடு மட்டும் கொண்டாந்தா போதும், ஓட்டைகூடத் தெரியாம அடைச்சிருதேன்." விரலில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். பிசின் இறுகி ஆணியை மூடியிருந்தது.

"பறவைகளுக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெறச் சட்டத்தில் வழியில்லை" என்றது பெட்டி. "இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வளையம் அடுத்த தகுதியான மரத்துக்கு மாற்றப்படும். அது இந்தச் சிறுமியின் மரம். அதற்கு வெளிச்சம் தேவை. ஆகவே அதை மறைத்து நிற்கும் தங்கள் மரம் எடுக்கப்படும்."

"எம்மரமா?" என்றான் கொம்பையா.

"ஆம். சிறுமியின் மரம் இளமரம். ஒருவருக்கே மூச்சு போதும். பதினைந்து ஆண்டுகளில் இன்னொருவரை அழைத்துக்கொள்ளும் அளவுக்கு வளரக்கூடும். அதுவரை அரசு விடுதியில் நன்றாகப் பார்த்துக்கொள்வோம்."

பிள்ளை நடுவில்தான் படுக்க வேண்டும் என்று நட வைத்தவள் உலகம்மாள். நடுவில் படுத்தவளுக்கு இப்போது ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் பறவை மரம்.

செண்பகவல்லிக்குப் பெட்டி தேவையில்லை, அவளுக்கு இரண்டு மொழியும் தெரியும். அவள் ஐலாவின் சட்டையைப் பிடித்து இழுத்து அந்த நாட்டுப் பேச்சில் மெதுவாக ஏதோ கேட்டாள். ஐலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுருக்கமாகப் பதில் சொல்லித் தலையை ஆட்டினாள்.

"என்னட்டி கேட்ட?" என்றான் கொம்பையா.

"சும்மாப்பா. எந்த மரத்துல ஆணி அடிச்சாலும் பறவை வந்துருமான்னு கேட்டேன்."

கொம்பையாவுக்கு இருந்த நிலையில் அது காதில் ஏறவே இல்லை.

கப்பல் வருகிறவரை வீட்டில் ஒரே சண்டைதான். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம், செத்தாலும் மூன்று பேரும் ஒன்றாகச் சாவோம் என்றான் கொம்பையா. உலகம்மாள் அசையவில்லை.

"எம்மவன் கெடக்குத கடலுக்கு இவளையும் கொண்டு போவ மாட்டேன். நம்ம இல்லாட்டா என்ன, தின்னுட்டு, படிச்சுட்டு உசுரோட இருப்பாள்லா. அது போதும். பதினஞ்சு வருசத்துல நம்மள்ல ஒருத்தர் இருந்தா, கூப்புடட்டும்."

"யாரைக் கூப்புடுவா?"

"அந்தப் பாவத்தை அவ தலையில இப்பவே வைக்காதீக."

மிதவை எப்படிப்பட்ட இடம் என்று செண்பகவல்லிக்கு அவர்கள் ஒருபோதும் சொன்னதில்லை. சின்னப் பிள்ளையிடம் எதற்கு என்று நல்லதை மட்டும் சொல்லி வளர்த்தார்கள். ஊரே தண்ணீரில் ஆடும், வாசலிலேயே மீன் துள்ளும், எல்லோரும் தமிழில் பேசுவார்கள், பாட்டுப் பாடுவார்கள் என்று தூங்க வைக்கும்போது சொன்ன கதை அது. இப்போது உண்மையைச் சொல்லிவிடலாமா என்று உலகம்மாள் நினைத்தாள். பெற்றவர்கள் அங்கே போகிற நேரத்தில் சொன்னால் பிள்ளை வெந்து போவாளே என்று விட்டுவிட்டாள்.

லூர்தையா வந்து வாசலில் உட்கார்ந்திருப்பான். அவன் மரம் வேறு பகுதியில், கலைப்பு அங்கே அடுத்த வருடம்தான். "ஞாயித்துக்கெழம தவறாம விடுதிக்குப் போயிருவேன். மீன் கொழம்பு வச்சுக் குடுத்துருவேன். நீ ஒண்ணும் யோசிக்காத மாப்ள" என்பான். கேலி பேசுகிற வாய் வேறு எதுவும் பேசாது. ஐலாவிடம் கேட்க வேண்டாம் என்று சொன்னதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூட எடுக்கவில்லை.

கொம்பையாவின் மரத்தை எடுத்தபோது அவன் போய்ப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவன் காப்பும் அணைந்தது. மில்லுக்குக்கூட வராத மரம், காகிதத்துக்குப் போயிற்று.

கிளம்புகிற காலையில் வெயில் அடித்தது. லூர்தையாவும் கொம்பையாவும் வெளியே மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். விடுதியிலிருந்து ஐலாவே வந்து செண்பகவல்லியைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. உலகம்மாள் கடைசியாக ஒரு தடவை பிள்ளைக்குத் தலை வாரிவிட உட்கார்ந்தாள். எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டால் இரண்டு நாளாவது தாங்கும், அதற்குள் விடுதியில் யாராவது கற்றுக்கொள்ள மாட்டார்களா என்ன.

முருகன் காலண்டர் சுவரில் இல்லை. கீழே சாய்ந்து கிடந்தது. புருசன்தான் மூட்டை கட்ட எடுத்து வைத்திருப்பான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒழுங்காச் சாப்பிடணும் என்ன? லூர்து மாமா வந்தா மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருக்கக் கூடாது. குளிருக்குத் தலையில துணி கட்டிக்கிடணும்."

"ம்."

"அம்மா மரத்துக்கு அப்பப்ப தண்ணி ஊத்துதியா? பறவை குடிக்கட்டும்."

"ம்."

இரண்டாகப் பிரித்து வலது பக்கம் பின்னி முடித்தாள். இடது பக்கத்தை எடுத்தபோது விரலில் முடி வசப்படவில்லை. சீப்பை வைத்துவிட்டு விலக்கிப் பார்த்தாள். உச்சிக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடி ஒட்ட அறுபட்டிருந்தது. கத்தியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர்கள் அறுத்த மாதிரி கோணல்மாணலாக இருந்தது.

உலகம்மாள் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். சுவரில் அது தொங்கின இடத்தில் வெறும் ஓட்டை இருந்தது.

"செம்பா. ஏட்டி செம்பா. என்னட்டி செஞ்ச?"

செண்பகவல்லி திரும்பி உட்கார்ந்தாள். நேற்றைக்கு டிரோன் பறந்ததென்று அவளாகவே சொன்னாள். கையைச் சட்டைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டிருந்தாள். உலகம்மாள் அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்து, காப்பைத் திருப்பிப் பார்த்தாள். அதில் விளக்கு இல்லை.

"மிதவையில வாசல்லயே மீன் துள்ளும்னு சொன்னீங்கல்லாம்மா?" என்றாள் பிள்ளை.

வெளியே ஐலாவின் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. "ஏ உலகு, பிள்ளைய அனுப்பு, நேரமாச்சு" என்று கொம்பையா கூப்பிட்டான். உலகம்மாள் மிச்சமிருந்த முடியை மூன்றாகப் பிரித்து, இழுத்துப் பின்னி, கப்பல் காற்றில் அவிழ்ந்துவிடாதபடி ரிப்பனை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.